மச்சப் பை, சைவப் பை

ஒரு முதுகுப்பை வாங்குவதற்கு எங்களைப் போல் மண்டையை உடைத்துக்கொண்ட குடும்பம் ஜெர்மனியின் ஹனோவரில் வேறு இருந்திருக்காது. கடையில் நின்ற விற்பனையாளருக்கே எங்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது. வேட்டைக்கும் அதே பை வேண்டும், பிள்ளையோடு போய்க் கூடாரம் அடிப்பதற்கும் அதே பை வேண்டும் என்று நான் கேட்டேன். இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைப்பீர்கள். கஷ்டம் பையில் இல்லை. என் கணவர் நான் சமைத்த சோற்றைச் சாப்பிடாமல் விட்டிருந்தார். ஏன் என்று அவர் சொல்லவும் இல்லை, எனக்கு விளங்கவும் இல்லை. அதற்கு நானாகக் கண்டுபிடித்த வைத்தியம்தான் அந்தப் பை.

முதலில் எங்கள் குசினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் மச்சம் சாப்பிடுகிறவள். மீன், இறைச்சி, நண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து யாழ்ப்பாணத்தில் மச்சம் என்றுதான் சொல்வோம். இவர் பிறந்ததில் இருந்து சைவம். கேக்கைக்கூட முட்டை போட்டதா என்று மணந்து பார்த்துவிட்டுத்தான் கையில் எடுப்பார். அதனால் எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. அகப்பை வேறு, வெட்டுகிற பலகை வேறு, கழுவுகிற பஞ்சுகூட வேறு. வெள்ளிக்கிழமையில் வீடு முழுக்கச் சைவம். கலியாணம் கட்டிய நாளில் இருந்து இப்படித்தான், இதை வைத்து ஒருநாளும் சண்டை வந்ததில்லை. இவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து, கை கழுவி, நான் வைத்த கத்தரிக்காய்ப் பால்கறியைச் சோற்றோடு குழைத்து வாயில் வைத்தால் அதற்குப் பிறகு வீட்டில் குண்டு விழுந்தாலும் எழும்பமாட்டார். அப்படிச் சாப்பிட்ட மனுசன்.

நான் வேட்டைக்காரியான கதையை என் சொந்தக்காரர்கள் இன்னும் முழுதாக நம்பவில்லை. நான் நகரத்தின் ஓரத்தில் ஒரு மிருக வைத்தியசாலையில் உதவியாளராக வேலை செய்கிறேன். அதை நடத்துகிற வைத்தியர் ஒரு ஜெர்மன்காரி. நல்ல மனுசி, ஆனால் கதைத்தால் நறுக்கென்று இருக்கும். அவர் வேட்டைக்காரியும்கூட. கோடை தொடங்க, புல் வெட்டும் யந்திரங்கள் வயலில் இறங்குவதற்கு முன்னால், காட்டுமான் குட்டிகளைத் தேடிப் போவார்கள். அந்தக் குட்டிகள் யந்திரம் வந்தாலும் ஓடாது. புல்லுக்குள் அமுங்கிப் படுத்துவிடும். அதனால் ஆட்கள் வரிசையாக நடந்து, அவற்றைத் தூக்கி வயலோரத்தில் வைக்க வேண்டும். மனித வாடை ஒட்டினால் தாய் திரும்பி வராது என்று பயந்து இரண்டு கையிலும் புல்லை அள்ளிப் பிடித்துக்கொண்டுதான் தூக்குவோம். ஒருமுறை ஆள் போதாது என்று வைத்தியர் கூப்பிட, நான் இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். இவர் ஒரு குட்டியைப் பூசைத் தட்டைக் கொண்டுவருகிறவர் மாதிரி மூச்சுவிடாமல் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

அதே வைத்தியர் இலையுதிர்காலத்தில் துவக்கோடு போய் மான் சுடுவார். கோடையில் தூக்கி வைத்துவிட்டு இப்போது எப்படிச் சுடுகிறீர்கள் என்று கேட்டேன். ஓநாய் குறைவு, மான் பெருகுகிறது, கார் அதிகம் என்றார். அவ்வளவுதான் விளக்கம். காரில் அடிபட்ட மான்கள் எவ்வளவு மெதுவாகச் சாகும் என்பதை வைத்தியசாலையில் நான் பார்த்திருக்கிறேன். அதனால்தானா, இல்லை இந்த நாட்டில் காட்டுக்குள்ளும் எனக்கு ஓரிடம் வேண்டும் என்ற ஆசையா, ஒருவேளை வெறும் பிடிவாதமா தெரியாது, வேட்டைப் பயிற்சி வகுப்பில் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

இந்த நாட்டில் வேட்டைக்காரராக வேண்டுமென்றால் பெரிய பரீட்சை எடுக்க வேண்டும். மரம், பறவை, மிருகங்களுக்கு வரும் நோய், நாய், சட்டம், துவக்கு என்று படித்து முடியாது. குளிர்காலம் முழுக்க நான் படித்தேன். புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டது இவர். காட்டுப்பன்றியின் பல்லைப் பார்த்து வயது சொல்வது எப்படி என்று முட்டை தின்னாத ஒரு மனுசன் குசினி மேசையில் இருந்து எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தேன். வாய்மொழியும் சித்தி. சூட்டுப் பரீட்சையில் கோட்டை விட்டேன். ஓடுகிற பன்றி உருவத்தைச் சுட வேண்டும். அது ஓடியது, நான் நின்றேன், முடிந்தது.

திரும்பி வரும்போது காருக்குள்ளேயே அழுதேன். சாதாரண அழுகை இல்லை. நாற்பத்தைந்து வயதில், மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதேன். இவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுக் காரை ஓட்டினார். அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல முருகன் கோயிலுக்குப் போய் வந்தார். இரண்டாம் முறை போனபோது நான் சுட்டேன், அந்தப் பன்றி உருவமும் ஒத்துழைத்தது. சித்தி. இவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். நல்லது, நல்லது என்றுவிட்டு உடனே வைத்துவிட்டார். பேருந்தில் ஆட்கள் இருக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நாங்கள் ஒன்றாக இருந்து சாப்பிடவே இல்லை. அவருக்கு வேலை நேரம் மாறியிருந்தது. எனக்குத் துவக்குப் பெட்டகம் வாங்குவது, அனுமதி எடுப்பது என்று ஓட்டம். படுக்கையறையில் சேலை அலுமாரிக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டகம் வந்து நின்றது. மே மாதத்தில் வைத்தியரோடு அவருடைய வேட்டைக் காட்டுக்குப் போய் என் முதல் மானைச் சுட்டேன். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. மான் உடனே விழுந்தது, உடனே விழுந்ததே என்று நான் நன்றி சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியாது.

கூத்து அதற்குப் பிறகுதான். சுட்டவருக்கு ஈரலும் இதயமும் உரிமை என்பது இங்குள்ள வேட்டைக்காரரின் வழக்கம். வைத்தியர் அதை ஒரு பொலித்தீன் பையில் கட்டி என் கையில் தந்தார். என்னிடம் இருந்தது வீட்டு நீலப் பை. பிள்ளையின் சுற்றுலாவுக்கும் அதுதான், கோயிலுக்குப் போவதற்கும் அதுதான். முன் பொக்கற்றில் இவருடைய திருநீற்றுப் பொட்டலமும் கற்பூரமும் எப்போதும் கிடக்கும். எனக்கு அந்த நேரம் எதுவும் ஓடவில்லை. சந்தோசத்தில் ஈரலைத் தூக்கிப் பைக்குள் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பொலித்தீன் ஒழுகி, பையின் அடி முழுக்க இரத்தம். திருநீற்றுப் பொட்டலம் சிவந்து ஊறிப்போய் இருந்தது.

குளியல் தொட்டிக்குள் போட்டுப் பையை உரஞ்சிக்கொண்டு இருக்கும்போது இவர் வந்து வாசலில் நின்றார். அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெய்யிலில் காயப் போட்டால் மணம் போய்விடும் என்று சொல்லிவிட்டு, தானே பையைப் பிழிந்து பல்கனியில் கொண்டுபோய்க் கொழுவினார். திட்டியிருந்தால் நானும் நாலு சொல் திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கனநாளைக்குப் பிறகு எல்லோரும் வீட்டில். சைவச் சட்டியில் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பயத்தங்காய் என்று வைத்தேன். மேசைக்குக் கூப்பிட்டால், இவர் குசினியில் ஒரு சின்னச் சட்டியில் தனக்கென்று ஒரு பிடி அரிசியை அவித்துக்கொண்டு நிற்கிறார்.

“நான் எனக்கு அவிச்சிட்டன். நீங்கள் சாப்பிடுங்கோ, எனக்காகப் பாக்காதையுங்கோ” என்று பிள்ளைக்கும் எனக்கும் பொதுவாகச் சொன்னார்.

வெறும் சோறும் உப்புப் பருப்பும். என் கறியை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அடுத்த நாளும் அதேதான். அதற்கு அடுத்த நாளும். எனக்கு விசர் பிடித்துவிடும் போல இருந்தது. இரத்தம் பட்ட கை என்று அருவருக்கிறாரோ? அப்படியென்றால் நான் போட்ட தேத்தண்ணியை எப்படி மடக்மடக்கென்று குடிக்கிறார்? காலையில் நான் பட்டர் பூசிக் கொடுத்த பாணைச் சாப்பிடுகிறார். நான் வெட்டி வைத்த மாம்பழத்தைச் சாப்பிடுகிறார். தோசை வார்த்தால் தோசையும் போகிறது. சோறும் கறியும் மட்டும் ஆகாது. இது என்ன தீட்டு, சோற்றில் மட்டும் ஒட்டுகிற தீட்டு? ஆச்சாரம் பார்க்கிற யாரும் இப்படிப் பாதி பார்த்து நான் கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் நேராகவே கேட்டேன். என் கை அருவருப்பாக இருக்கிறதா என்று.

“சீ, விசர்க் கதை கதையாதையும்” என்றார்.

அப்படியென்றால் ஏன் என்று கேட்டால், சும்மா என்றார். சும்மாவாம். சும்மா என்று ஒரு காரணம் இருந்தால் உலகத்தில் சண்டையே இருக்காது. நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பேன், ஆனால் எங்கள் மகள் ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்குப் பத்து வயது. அவளுடைய வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா ஒரு வீட்டில், அம்மா இன்னொரு வீட்டில். குளிக்கவார்க்கும்போது மெல்லக் கேட்டாள்: “அப்பா ஏன் வேறையாச் சமைக்கிறார்? நீங்கள் ரெண்டு பேரும் பிரியப் போறீங்களோ?”

நான் சிரித்துச் சமாளித்தேன். அவள் போன பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு நெடுநேரம் இருந்தேன். பிரிவதா? இவரோடா? துவக்கும் வேண்டாம், காடும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாமா என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். ஆனால் எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கொடுக்கலாம்.

யோசித்து யோசித்துக் கடைசியில் பைதான் காரணம் என்று முடிவு கட்டினேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. பையில் இரத்தம் பட்ட கிழமையில்தான் இவர் சோற்றை விட்டார். திருநீறும் ஈரலும் ஒன்றாகக் கிடந்தால் சைவக்காரர் யாருக்கு மனம் ஒப்பும்? வாயால் சொல்லத் தெரியாத மனுசன், வயிற்றால் சொல்கிறார். மகள் வேறு, வகுப்பில் எல்லோரும் கூடாரத்தில் படுக்கப் போகிறார்கள், நாங்களும் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இப்படிப் போவதற்கு முகாம் என்றுதான் பெயர், ஆனால் முகாம் என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு நினைவுதான் வரும். இவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரு அறைக்குள் ஆறு பேரோடு படுத்தவர். விரும்பிப் போய் நிலத்தில் படுப்பவர்களைப் பார்த்தால் அவருக்கு இன்னும் விளங்காது. என்றாலும் மகளுக்காக ஓம் என்று சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை, கோயில் தேர்த் திருவிழா முடிந்த பிறகுதான் போகலாம் என்றார். தள்ளிப் போடுகிறார், என்னோடு ஒரு கூடாரத்துக்குள் இருக்கப் பிடிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

காட்டுக்குள் ஒரே அடுப்பு, நாலு நாள், மூன்று பேர். அங்கேயும் இவர் ஒரு சின்னச் சட்டியோடு தனியே குந்தியிருந்தால் என் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? போவதற்கு முன்னால் பைப் பிரச்சினையைத் தீர்த்தால் சோற்றுப் பிரச்சினையும் தீரும் என்று நம்பினேன்.

முதலில் வைத்தியரிடம் யோசனை கேட்டேன். அவர் தன் பழைய பச்சைப் பையைத் திறந்து காட்டினார். சரசரக்காத தடித்த துணி, உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய ஒரு ரப்பர்ப் பை. மான் என்றால் அதற்குள், மற்றச் சாமான் அதற்கு மேலே. தன் சாப்பாட்டுப் பாணையும் அதே பைக்குள் இருந்துதான் எடுத்தார். கழுவினால் சரிதானே என்று சொல்லிக்கொண்டு கடித்தார். நான் மச்சம் தின்கிறவள்தான், ஆனாலும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. எங்கள் ஆட்களுக்குக் கழுவினால் மட்டும் சரி வராது என்பதை அவருக்கு எப்படி ஜெர்மன் மொழியில் விளங்கப்படுத்துவது? சட்டியைக் கழுவினாலும் மச்சச் சட்டி மச்சச் சட்டிதான்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மூவருமாகக் கடைக்குப் போனோம். வேட்டைக்கென்றால் பச்சையோ மண்ணிறமோ வேண்டும், சத்தம் வரக்கூடாது, துவக்கைச் செருக இடம் வேண்டும், இடுப்புப் பட்டி பாரத்தைத் தாங்க வேண்டும். குடும்பத்தோடு என்றால் உறக்கப் பை, அடுப்பு, சட்டி, மழைச் சட்டை எல்லாம் கொள்ள வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக எது முக்கியம் என்று விற்பனையாளர் கேட்டார். இரத்தம் சோற்றில் படக்கூடாது என்றேன். அவர் கையில் இருந்த பையைத் திரும்பக் கொண்டுபோய்க் கொழுவினார்.

பிறகு உள்ளே போய் ஒரு சாமானைக் கொண்டுவந்தார். முதுகில் பூட்டுகிற ஒரு பிரேம், தோள் பட்டியும் இடுப்புப் பட்டியும் அதில்தான். பை தனியே. கொக்கியைக் கழற்றினால் பை கையோடு வந்துவிடும், வேறு பையை மாட்டலாம். வேட்டைக்கு உள்ளே ரப்பர் வைத்த பச்சைப் பை, கூடாரத்துக்கு மஞ்சள் பை. பிரேம் ஒன்று, பை இரண்டு. எனக்கு அங்கேயே ஆடவேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிடமே சந்தேகம் வந்துவிட்டது. பிரேம் மச்சமா, சைவமா?

இவரிடம் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது? விற்பனையாளர் மணல் மூட்டையை உள்ளே போட்டுக் கொடுக்க, இவர் பையை மாட்டிக்கொண்டு கடைக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ, பிரேம் ஒண்டு, பை ரெண்டு. உங்களுக்கு அது சரிவருமோ?”

“ஓம்.”

“வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ. அதே பிரேமிலைதான் மானும் வரும்.”

“அடுப்பு ஒண்டுதானே வீட்டிலை. சட்டிதானே வேறை” என்றார். சொல்லிவிட்டு இடுப்புப் பட்டியை இறுக்கிக்கொண்டு இன்னொரு சுற்று நடந்தார்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த மனுசன், மற்றதை ஏன் சொல்கிறார் இல்லை? ஆனாலும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து, பச்சைப் பையின் சிப்பில் சிவப்புக் கம்பளி நூல் கட்டினேன். சிவப்பு நூல் என்றால் மச்சம். மகளுக்கும் சொல்லி வைத்தேன், இவருக்கும் காட்டினேன். பச்சைப் பை நிலவறைக்குப் போனது, மஞ்சள் பை மேலே சாமியறை அலுமாரிக்குப் பக்கத்தில் புத்தம் புதிதாக இருந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பெரிய எதிர்பார்ப்போடு கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். இவர் மணந்தார். நான் பார்த்தேன், அவர் மூக்கு விரிந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பிறகு போய்த் தன் சின்னச் சட்டியை எடுத்தார்.

அந்த நேரம் எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் அகப்பை மட்டும் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

தேர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. இவர் வேட்டியோடு வடம் பிடித்தார், மகள் பட்டுப் பாவாடையில் சுற்றித் திரிந்தாள், நான் தெரிந்த ஆட்களிடம் எல்லாம் சுகம் விசாரித்துக்கொண்டு உள்ளுக்குள் குமைந்தேன். எல்லோரும் அன்னதானம் சாப்பிட்டோம். அதை இவர் சாப்பிட்டார். யாரோ சமைத்த சோற்றை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் ஹார்ட்ஸ் மலைக்குப் புறப்பட்டோம். எனக்குப் பாதி நாள் வேலை இருந்தது. போவதற்கு முன்னால் அரிசி, பருப்பு, கத்தரிக்காய், வெங்காயம், தேங்காய்ப்பால் மா, தூள், சைவச் சட்டி எல்லாவற்றையும் மேசையில் அடுக்கி வைத்து, மஞ்சள் பைக்குள் வைக்கும்படி இவரிடம் சொன்னேன். அவருக்கென்று சின்னச் சட்டியையும், இன்னொரு குட்டி அடுப்பையும் தனியே வைத்தேன். நான் திரும்பி வந்தபோது எல்லாம் காரில் ஏறியிருந்தது.

வாகனத் தரிப்பிடத்தில் இருந்து கூடாரம் அடிக்கும் இடத்துக்கு நடந்துதான் போக வேண்டும். நாங்கள் இறங்கவும் மழை பிடித்தது. இவர் தன் பைக்கு மழையுறையைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார், நானும் மகளும் எங்கள் சின்னப் பைகளோடு முன்னால் போனோம். வண்டு அரித்துச் செத்துப்போன ஊசியிலை மரங்கள் மலை முழுக்க எலும்பும் தோலுமாக நின்றன. மகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். நான் பாடவில்லை.

போய்ச் சேர மழை விட்டது. கூடாரத்தை அடித்து முடித்தோம். இவர் பையை இறக்கி மழையுறையைக் கழற்றினார். சிவப்பு நூல் தொங்கியது. பச்சைப் பை.

“ஐயோ, இது மச்சப் பை!” என்று நான் கத்திவிட்டேன்.

“தெரியும்” என்றார். சிப்பைத் திறந்து, உள்ளே இருந்த ரப்பர்ப் பைக்குள் கையை விட்டு அரிசியை எடுத்தார். இரத்தத்துக்கென்று வாங்கிய, ஒருமுறை மானும் வந்துபோன ரப்பர்ப் பைக்குள் இருந்து. “மஞ்சளுக்குள்ளை சட்டி கொள்ளேல்லை. மழை எண்டும் சொன்னவங்கள். இதுக்குள்ளை அரிசி நனையாது பாரும். வடிவாய்க் கழுவித்தானே வைச்சிருக்கிறீர்.”

நான் அப்படியே குந்திவிட்டேன். எத்தனை நாளாக நான் கட்டிய கோட்டை! பிரேம், இரண்டு பை, சிவப்பு நூல் எல்லாம் எதற்கு? இந்த மனுசனுக்குப் பையில் ஒரு சதத்துக்கும் பிரச்சினை இல்லை. அப்படியென்றால் பிரச்சினை நான்தான். வேறு என்ன மிஞ்சுகிறது? மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பெரிய அடுப்பைப் பற்றவைத்து எனக்கும் அவளுக்கும் சோறு போட்டேன். வெங்காயமும் கத்தரிக்காயும் நறுக்கி வதக்கி, தேங்காய்ப்பால் மாவைக் கரைத்து ஊற்றினேன். கண்ணீர் வந்தது, வெங்காயம் என்று மகளுக்குச் சொன்னேன். பிறகு அவருடைய சின்னச் சட்டியையும் குட்டி அடுப்பையும் எடுத்து அவருக்கு முன்னால் டக்கென்று வைத்தேன்.

“இந்தாங்கோ. உங்கடை குசினி.”

அவர் அதை எடுத்து ஒரு பக்கமாக வைத்தார். என் பக்கத்தில் வந்து சப்பணம் கட்டி இருந்துகொண்டு தட்டை நீட்டினார்.

“எனக்கும் போடும்.”

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். “என்னதான் நடந்தது உங்களுக்கு? இப்ப சொல்லுங்கோ, இல்லாட்டி இந்தக் காட்டிலையே விட்டிட்டுப் போயிடுவன்.”

“முதல் சோத்தைப் போடும். பசிக்குது.”

போட்டேன். கறியும் விட்டேன். குழைத்து முதல் வாயை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு பார்த்த முகம். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான் காரில் அழுதுகொண்டு வந்த கிழமை, வெள்ளிக்கிழமை கோயிலில் முருகனுக்கு நேர்த்தி வைத்தாராம். நான் பரீட்சையில் சித்தியடைந்தால், அன்றைக்குத் தொடங்கித் தேர் முடியும் வரைக்கும் நான் சமைத்த சோறும் கறியும் தொடுவதில்லை என்று. நிறைவேற்றி முடிக்கும்வரை நேர்த்தியை வெளியில் சொல்லக்கூடாது என்பதால் வாயைத் திறக்கவில்லையாம். தேத்தண்ணியையும் தோசையையும் பற்றி முருகனிடம் தான் ஒன்றும் கதைக்கவில்லை என்றும் சொன்னார்.

பை கழுவிய கிழமைக்கு முன்னாலேயே சோற்றை விட்டுவிட்டார். நாங்கள் ஒன்றாக இருந்து சாப்பிடாததால் நான்தான் காணவில்லை.

“விடுறதுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ உங்களுக்கு? ஆக்கள் தலைமயிரைக் குடுக்கினம், காவடி எடுக்கினம்” என்று கேட்டேன்.

“எனக்கு விட ஏலாதது இது ஒண்டுதானே” என்றார்.

மகள் ஜெர்மன் மொழியில், அப்போது நீங்கள் பிரியவில்லையா என்று கேட்டாள். இவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிரிவதென்ற நினைப்பு இந்த வீட்டில் நடமாடியதே அவருக்குத் தெரியாது. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தன் தட்டில் இருந்து ஒரு வாய் ஊட்டினார்.

எனக்குக் கோபமா, அழுகையா, சிரிப்பா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தலையணையை எடுத்து அவர் முதுகில் ஒன்று போட்டேன். என்னை இத்தனை நாள் வதைத்ததற்கு அதுகூடக் காணாது. ஆனால் ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. எறும்பு மிதிபட்டாலும் தாங்காத மனுசன், மச்சத்தின் பெயரைக்கூட வெள்ளிக்கிழமையில் சொல்லாத மனுசன்.

“என்ரை மனிசியை வேட்டைக்காரி ஆக்கு எண்டு கோயிலிலை போய் முருகனிட்டையே கேட்டனீங்களோ? வெக்கமா இல்லையோ?”

அவர் தட்டை வழித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

“அவரும் வேடர் வீட்டிலைதானே பொம்பிளை எடுத்தவர்.”

பிறகு தட்டை மறுபடியும் நீட்டினார். நான் சட்டியை வழித்து மிச்சக் கறி முழுவதையும் அவருக்கே போட்டேன்.